மதிலுக்குள் ஒரு விலை

திரையரங்க டிக்கெட்டுக்கு 200 ரூபாய் உச்சவரம்பு விதித்த கர்நாடக அரசின் முடிவு தொடர்பான வழக்கு, 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. வழக்கு டிக்கெட்டைப் பற்றியதுதான். ஆனால், நீதிபதி விக்ரம் நாத்தின் பேச்சு டிக்கெட்டோடு நிற்கவில்லை. தண்ணீர் பாட்டிலுக்கு 100 ரூபாய், காபிக்கு 700 ரூபாய் வாங்குகிறீர்களே என்று கேட்டார். இப்படியே போனால் அரங்குகள் காலியாகிவிடும் என்றார். அது தீர்ப்பு அல்ல, விசாரணையின்போது வாய்மொழியாகச் சொன்ன கருத்து. ஆனாலும் செய்தியைப் படித்த பலரும் தலையாட்டியிருப்பார்கள்.

அடுத்த மாதமே சென்னைக்கு அருகில், பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய திருப்போரூர் பகுதியில் வொண்டர்லா கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. முதலீடு 611 கோடி ரூபாய். இணையத்தில் முன்பதிவு செய்தால் டிக்கெட் 1,489 ரூபாயிலிருந்து தொடங்கும் என்று அறிவித்தார்கள். நான்கு பேர் கொண்ட குடும்பம் உள்ளே நுழையவே ஐயாயிரத்துக்கு மேல் எடுத்துவைக்க வேண்டும். சாப்பாடு தனி.

இந்தக் கட்டுரை எந்த ஒரு பூங்காவின் விலைப்பட்டியலையும் குறிவைத்தது அல்ல. டிக்கெட் விலையையும் நான் குறை சொல்லவில்லை. கோடிகளைக் கொட்டி ராட்டினம் நிறுவியவர்கள் அதற்கான கட்டணத்தைக் கேட்கத்தான் செய்வார்கள். கேள்வி சாப்பாட்டைப் பற்றியது. காகிதத் தட்டில் வரும் ஃப்ரைடு ரைஸும் ஒரு குவளை குளிர்பானமும் நகரத்தின் நல்ல உணவக விலையை நெருங்கும்போது, அந்தக் கூடுதல் பணம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது?

நட்சத்திர உணவகத்தில் எதற்குக் காசு?

முதலில் விலை உயர்ந்த உணவகத்தைப் பார்ப்போம். சென்னை கிண்டியில் ஐ.டி.சி. கிராண்ட் சோழா ஹோட்டலுக்குள் ‘அவர்தனா’ என்ற உணவகம் இருக்கிறது. தென்னிந்தியச் சமையலை எடுத்துக்கொண்டு, ஏழு முதல் பதின்மூன்று வகைகள் வரை வரிசையாகப் பரிமாறுவார்கள். தக்காளி ரசத்தை மார்ட்டினி கோப்பையில் ஊற்றித் தருவது அவர்களுடைய அடையாளம். ரசத்துக்கு இவ்வளவா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். ஆனால், அந்தப் பணம் எங்கே போகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

ஒரு மேசையில் உட்காருபவர் இரண்டு, மூன்று மணி நேரம் இருப்பார். ஓர் இரவில் அந்த மேசைக்கு ஒரு முறை, மிஞ்சிப்போனால் இரண்டு முறைதான் விருந்தினர் மாறுவார்கள். சமையலறையில் ஆள் அதிகம், பரிமாற ஆள் அதிகம். பாத்திரம், விளக்கு, இடம், நகரின் நிலமதிப்பு எல்லாம் தட்டில் ஏறுகின்றன.

இதைவிட முக்கியமானது, அங்கே போகிறவர் கணக்குப் போட்டுக்கொண்டுதான் போகிறார் என்பது. விலை முன்கூட்டியே தெரியும். கட்டுப்படியாகாவிட்டால் வாசலோடு திரும்பிவிடலாம். அதே கிண்டியில் நூறு ரூபாய்க்கு வயிறாரச் சாப்பாடு போடும் மெஸ்களும் இருக்கின்றன. நட்சத்திர உணவகம் எவ்வளவு கேட்டாலும் யாரும் யாரையும் கட்டிப்போடவில்லை.

பூங்காவில் எதற்குக் காசு?

கேளிக்கைப் பூங்காவின் வாசலுக்கு வாருங்கள். டிக்கெட் வாங்கியாயிற்று. பை சோதனை நடக்கிறது. நம் ஊர்ப் பூங்காக்கள் பெரும்பாலானவற்றில் வெளியிலிருந்து உணவு கொண்டுபோகத் தடை. கைக்குழந்தையின் பால், மருந்து போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. விடியற்காலையில் எழுந்து கிளறிய புளிசாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரலாம் என்றால், அதற்கும் பல இடங்களில் அனுமதி இல்லை. அப்படியே விட்டாலும், நெடுஞ்சாலையோர மதிலுக்கு வெளியே கடை எங்கே இருக்கிறது?

காலை பதினொரு மணிக்கு உள்ளே போன குடும்பம் மாலை ஆறு மணிக்கு வெளியே வருகிறது. நடுவில் நீரில் நனைந்து, வெயிலில் காய்ந்து, வரிசைகளில் நின்ற பிள்ளைகளுக்குப் பசி இரண்டு மடங்கு. ஒரு வேளைச் சாப்பாடு, இரண்டு முறை நொறுக்குத்தீனி, நாலைந்து பாட்டில் தண்ணீர் இல்லாமல் அந்த நாள் முடியாது. இவ்வளவையும் ஒரே விற்பனையாளரிடம்தான் வாங்கியாக வேண்டும்.

பூங்கா தரப்பிலும் நியாயம் உண்டு. வார இறுதியிலும் கோடை விடுமுறையிலும் நிரம்பி வழியும் சமையலறை, பள்ளி நாட்களில் ஈயோட்டும். ஆனால், ஆட்களுக்குச் சம்பளம் ஆண்டு முழுக்கக் கொடுக்க வேண்டும். பொருட்களை நகரத்திலிருந்து கொண்டுவர வேண்டும். ஆகவே வெளியில் இருப்பதைவிட விலை சற்றுக் கூடுவது இயல்பே. அதே நேரத்தில், சமைப்பது மொத்தமாக. மேசை காலியாவது இருபது நிமிடத்தில். தட்டு எடுப்பது வாடிக்கையாளரே. நட்சத்திர உணவகத்தின் செலவுகளில் பாதி இங்கே கிடையாது. அப்படியிருந்தும் விலை அதை நோக்கி ஏறுகிறது என்றால், அந்த வித்தியாசம் சமையலுக்கானது அல்ல, மதிலுக்கானது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. இரவுப் பேருந்து நடுச்சாமத்தில் ஒரு மோட்டலுக்குள் திரும்பி நிற்கும். ஓட்டுநரும் நடத்துநரும் தனி அறைக்குச் சாப்பிடப் போவார்கள். பயணிகள் ஆறிய தோசைக்கு அவர்கள் கேட்கும் விலையைக் கொடுப்பார்கள். யாராவது சத்தம் போட்டால், “வேணும்னா சாப்பிடுங்க சார்” என்று பதில் வரும். சுற்றிலும் இருட்டு, வேறு கடைக்கு எங்கே போவது?

டிஸ்னி கோட்டையும் நியூயார்க் மேசையும்

இந்தத் தொழிலின் தாயகம் அமெரிக்கா என்பதால் அங்கே என்ன நிலை என்று பார்ப்பது உதவும். ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ அருகே 1971-ல் திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி வேர்ல்டில், பண்டிகை நாட்களில் ஒருநாள் டிக்கெட் 200 டாலரைத் தொடுகிறது. மேஜிக் கிங்டம் பூங்காவின் நடுவே நிற்கும் சிண்ட்ரெல்லா கோட்டைக்குள் ஓர் உணவகம் உண்டு. பெரியவர் ஒருவரின் மதியச் சாப்பாடு, வரியும் டிப்ஸும் சேர்க்காமலேயே 70 டாலரைத் தாண்டும். இளவரசி வேடமிட்டவர்கள் மேசைக்கு வந்து பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்வார்கள். அதற்கும் சேர்த்துத்தான் விலை.

நியூயார்க்கில் 1992-லிருந்து ‘ரெஸ்டாரண்ட் வீக்’ என்று ஒரு வழக்கம் நடக்கிறது. முதல் முறை, ஆண்டையே விலையாக்கி 19 டாலர் 92 சென்ட்டுக்கு மதிய உணவு கொடுத்தார்கள். அண்மை ஆண்டுகளில் 30, 45, 60 டாலர் என மூன்று விலைகளில், நகரின் பேர்பெற்ற உணவகங்கள் பல இதில் சேர்கின்றன. உலகத்திலேயே சாப்பாட்டுச் செலவு அதிகமான நகரங்களில் ஒன்றில், வெள்ளைத் துணி விரித்த மேசையில், கோட்டைச் சாப்பாட்டைவிடக் குறைந்த விலையில் உட்கார முடிகிறது. அது ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டும் தரும் சலுகை என்பது உண்மை. சாதாரண நாட்களில் நியூயார்க்கில் ஒரு தட்டுக்கு 300 டாலருக்கு மேல் வாங்கும் இடங்களும் இருக்கின்றன.

டிஸ்னியிடமும் அந்த உச்சம் உண்டு. அதன் வளாக ஹோட்டலில் இருக்கும் ‘விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸ்’ உணவகம் 2022-ல் மீண்டும் திறந்தபோது ஒருவருக்கு 295 டாலர் வைத்தது. 2024-ல் மிஷலின் நட்சத்திரமும் பெற்றது. அந்த 295 டாலர் மீது எனக்கு எந்த வழக்கும் இல்லை. வெந்நீரில் வேகவைத்த சாசேஜும் ரொட்டியும் விற்கும் வண்டிக்கடையைப் பற்றித்தான் பேச்சு.

அந்த வண்டிக்கடையைப் பற்றிப் பேசும்போது அமெரிக்க டிஸ்னி பூங்காக்களின் ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். அங்கே வீட்டுச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, மது கூடாது, சூடாக்கித் தரச்சொல்லிக் கேட்கக் கூடாது, குளிர்பெட்டி பெரிதாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனைகள். குளிர்பானக் குழாய் உள்ள சிற்றுண்டிக் கவுன்டர்களில் கேட்டால் ஐஸ் போட்ட தண்ணீர் இலவசமாகக் கிடைக்கும். உணவகங்களின் விலைப்பட்டியல் இணையத்திலும் செயலியிலும் முன்கூட்டியே இருக்கிறது. உலகத்திலேயே காசு பிடுங்குவதில் கெட்டிக்காரர்கள் என்று பேரெடுத்த நிறுவனம் ரொட்டித்துண்டைப் பையில் வைத்திருப்பவரை வாசலில் நிறுத்துவதில்லை. நம் ஊர்ப் பூங்காக்கள் நிறுத்துகின்றன.

ஷாங்காயில் ஒரு மாணவி

டிஸ்னி எல்லா நாட்டிலும் இப்படி நடந்துகொள்ளவில்லை என்பதுதான் வேடிக்கை. சீனாவின் ஷாங்காய் பூங்காவில் வெளியுணவுக்குத் தடை இருந்தது. 2019 ஜனவரியில் சட்டக் கல்லூரி மாணவி ஒருவர் நாற்பது யுவானுக்குச் சற்று அதிகமான நொறுக்குத்தீனிகளைப் பையில் வைத்துக்கொண்டு போனார். வாசலில் பையைத் திறந்து பார்த்து, தின்பண்டங்களோடு உள்ளே விடமாட்டோம் என்றார்கள். அவர் நீதிமன்றத்துக்குப் போனார்.

அமெரிக்காவிலும் பிரான்சிலும் அனுமதிக்கும் நிறுவனம் சீனாவில் ஏன் தடுக்கிறது என்ற கேள்வியைச் சீன ஊடகங்கள் விடாமல் கேட்டன. அரசு நாளிதழ்களும் சேர்ந்துகொண்டன. அந்த ஆண்டு செப்டம்பரில் சமரசம் ஏற்பட்டது. மாணவிக்கு 50 யுவான் இழப்பீடு கிடைத்தது. பூங்கா தன் விதியை மாற்றி, சொந்த உபயோகத்துக்கான உணவை அனுமதித்தது. பூங்கா திவாலாகவில்லை. இன்றும் கூட்டம் அலைமோதுகிறது.

திரையரங்க வாதம் பூங்காவுக்குப் பொருந்துமா?

இந்தியாவில் இந்தச் சண்டை பெரும்பாலும் திரையரங்குகளைச் சுற்றியே நடந்திருக்கிறது. 2018-ல் ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம், திரையரங்குக்குள் வெளியுணவைத் தடுக்கக் கூடாது என்றது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, திரையரங்கு தனியார் சொத்து, நுழைவு நிபந்தனைகளை உரிமையாளர் விதிக்கலாம் என்றது. யாரேனும் ஜிலேபி சாப்பிட்டுவிட்டுப் பிசுபிசுத்த விரலை இருக்கையில் துடைத்தால் என்ன செய்வது என்று விசாரணையில் நகைச்சுவையாகவும் பேசப்பட்டது. அதே தீர்ப்பில் இரண்டு விஷயங்கள் அழுத்தமாகப் பதிவாயின: சுத்தமான குடிநீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தையோடு வருபவர் குழந்தைக்கான உணவைக் கொண்டுவரலாம்.

இலவசக் குடிநீர் விஷயத்தில் அதற்கு முன்பே வழி பிறந்திருந்தது. திரிபுராவின் அகர்தலாவில் ஒரு மல்டிபிளெக்ஸ் மீது தொடரப்பட்ட வழக்கில், குடிநீர் தராமல் வெளித்தண்ணீரையும் தடுப்பது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2015-லேயே சொன்னது.

திரையரங்கு உரிமையாளர்களிடம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. பெரிய சங்கிலித் திரையரங்குகளின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உணவிலிருந்து வருகிறது. ரிக்கார்டோ கில், வெஸ்லி ஹார்ட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் ஸ்பெயின் திரையரங்குகளின் கணக்குகளை ஆராய்ந்து 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் வாதத்தின் சாரம் இது: பாப்கார்ன் விலை கூடுதலாக இருப்பதால் டிக்கெட் விலையைக் குறைவாக வைக்க முடிகிறது. காசுள்ளவர் பாப்கார்ன் வாங்குகிறார், இல்லாதவர் வெறும் படம் பார்த்துவிட்டுப் போகிறார். தமிழ்நாட்டில் இந்த வாதம் இன்னும் பொருந்தும். இங்கே டிக்கெட்டுக்கு அரசின் உச்சவரம்பு உண்டு, பாப்கார்னுக்கு இல்லை.

ஆனால், இதைப் பூங்காவுக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது. இரண்டரை மணி நேரம் எதுவும் தின்னாமல் படம் பார்க்கலாம், பலர் பார்க்கிறோம். ஏழு மணி நேரம் வெயிலில் திரியும் ஐந்து வயதுக் குழந்தையைப் பட்டினி போட முடியாது. பாப்கார்ன் விருப்பம்; மதியச் சோறு அப்படியல்ல. தவிர, பூங்கா டிக்கெட்டுக்கு யாரும் உச்சவரம்பு விதிக்கவில்லை. ராட்டினத்துக்கான முழு விலையையும் வாசலிலேயே வாங்கிய பிறகு, சோற்றில் மீண்டும் வசூலிப்பதற்கு அந்த நியாயம் செல்லாது.

சுகாதாரம், குப்பை, எலித்தொல்லை, நீச்சல் குளத்தில் மிதக்கும் சோற்றுப் பருக்கை ஆகியவற்றைப் பூங்காக்கள் காரணம் காட்டுகின்றன. இதில் உண்மை உண்டு; நம்மவர்கள் சாப்பிட்டு எழுந்த இடத்தைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். அதற்கு மருந்து, சாப்பிடுவதற்கென்று ஓர் இடம் ஒதுக்குவது. சோற்றையே தடுப்பது அல்ல.

எம்.ஆர்.பி. எங்கே காணாமல்போகிறது?

பாக்கெட்டில் அடைத்த பொருளுக்கு அதிகபட்ச சில்லறை விலை (எம்.ஆர்.பி.) அச்சிட்டிருக்கும். ஒரே பொருளுக்குக் கடையில் ஒன்று, விமான நிலையத்தில் ஒன்று என இரண்டு எம்.ஆர்.பி. அச்சிடக் கூடாது என்ற விதி 2018 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கிறது. இதற்குச் சில வாரங்கள் முன்பு, 2017 டிசம்பரில், ஹோட்டலும் உணவகமும் மேசையில் பரிமாறும் தண்ணீர் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.யைவிட அதிகம் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உட்கார இடம், பரிமாற ஆள், சூழல் எல்லாம் சேர்ந்த சேவை அது என்பது காரணம்.

நட்சத்திர ஹோட்டலுக்கு அந்தக் காரணம் சரி. கவுன்டரில் கையை நீட்டி வாங்கி, நின்றுகொண்டே குடிக்கும் தண்ணீருக்கு என்ன சேவை? இந்த இடைவெளியில்தான் பலர் புகுந்துகொள்கிறார்கள். அதைவிடச் சுலபமான வழியும் உண்டு: பாட்டிலைத் திறந்து காகிதக் குவளையில் ஊற்றிவிட்டால் எம்.ஆர்.பி.க்கு வேலையே இல்லை. பாக்கெட்டைப் பிரித்துத் தட்டில் கொட்டினாலும் அப்படியே. உதிரியாக விற்கும் உணவுக்கு நாட்டில் விலை வரம்பு கிடையாது.

எல்லாச் சமையலுக்கும் அரசு விலை நிர்ணயிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் தட்டு சிறுக்கும், எண்ணெய் மட்டமாகும், ஆய்வாளர்களின் பாக்கெட் நிறையும். விலை மட்டும் வேறு பெயரில் திரும்பி வரும். விலையைக் கட்டுவதைவிட மதிலில் ஒரு வாசல் வைப்பது மேல்.

விலையைக் குறைத்துப் பார்த்தவர்கள்

அமெரிக்காவின் அட்லாண்டாவில் 2017-ல் திறந்த மெர்சிடிஸ் பென்ஸ் விளையாட்டரங்கம் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. ஹாட் டாக் 2 டாலர், மறுபடி மறுபடி நிரப்பிக்கொள்ளும் குளிர்பானம் 2 டாலர், பாப்கார்ன் 2 டாலர். பழைய அரங்கத்தைவிட விலை பாதியாயிற்று. சில்லறைத் தொல்லை இல்லாமல் முழு டாலராக விலை வைத்தார்கள், கவுன்டர்களைக் கூட்டினார்கள், வரிசை குறைந்தது. அந்தப் பருவத்தில் ஒரு ரசிகர் உணவுக்குச் செலவிட்ட சராசரித் தொகை முந்தைய ஆண்டைவிட 16 சதவீதம் உயர்ந்ததாக அரங்க நிர்வாகம் அறிவித்தது. முன்பு வெளியே சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் உள்ளே வந்து சாப்பிட ஆரம்பித்தார்கள்.

நியூயார்க் லகார்டியா விமான நிலையத்தில் 2021-ல் ஒரு பீர் 27 டாலருக்கு விற்ற விவகாரம் சமூக ஊடகத்தில் பற்றிக்கொண்டது. விமான நிலையத்தை நடத்தும் துறைமுக ஆணையம் விசாரித்தது. கூடுதலாக வாங்கிய பணம் திருப்பித் தரப்பட்டது. 2022-ல் விதி இறுக்கப்பட்டது: நகரில் அதே பொருள் விற்கும் விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. நகர விலைக்கு ஆதாரம் காட்ட வேண்டியவர் கடைக்காரர்.

நம் ஊரிலும் ஒரு முயற்சி நடந்திருக்கிறது. 2024 டிசம்பரில் கொல்கத்தா விமான நிலையத்தில் ‘உடான் யாத்ரி கஃபே’ தொடங்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் சென்னைக்கும் வந்தது. டீ 10 ரூபாய், தண்ணீர் பாட்டில் 10 ரூபாய், காபி 20, சமோசா 20. பக்கத்துக் கடைகளில் விலை உயர்ந்த காபி தொடர்ந்து விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. வேண்டியவர் அங்கே போகிறார், வேண்டாதவர் இங்கே வருகிறார். ரயில் பயணியும் ஓடும் பெட்டிக்குள் அடைபட்டவர்தான். ஆனால் ஒரு லிட்டர் ரயில் நீரின் விலை 14 ரூபாய் என்பது நாடு முழுக்க ஒன்று.

பள்ளிச் சுற்றுலா வரும்போது

இந்த விலைகளின் உண்மையான அடி யார் மேல் விழுகிறது என்று பார்க்க, ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஏதாவது ஒரு பூங்காவின் வாகன நிறுத்துமிடத்தில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். விழுப்புரம், திருவண்ணாமலை, வேலூர் பக்கங்களிலிருந்து பள்ளிப் பேருந்துகள் வந்து இறங்கும். சுற்றுலாக் கட்டணத்தையே தவணையில் கட்டிய வீட்டுப் பிள்ளைகள். கைச்செலவுக்கு நூறு ரூபாய் கொடுத்தனுப்பியிருப்பார்கள்.

அந்த நூறு ரூபாய் உள்ளே ஓர் ஐஸ்கிரீமுக்கும் ஒரு தண்ணீர் பாட்டிலுக்கும் தாங்குமா என்பதே சந்தேகம். வசதியுள்ள பிள்ளை பர்கர் வாங்கும்போது பக்கத்தில் நிற்கும் பிள்ளை ‘பசிக்கல’ என்று சொல்லும். ஆசிரியர்களுக்கு இது தெரியும். பலர் தம் கைக்காசைப் போட்டு வாங்கிக் கொடுக்கிறார்கள்.

பள்ளிக் குழுக்களுக்கு டிக்கெட்டோடு மதியச் சாப்பாட்டையும் சேர்த்துத் தொகுப்பு விலை கொடுக்கும் பூங்காக்கள் உண்டு. நல்ல வழக்கம். அதைத் தொகுப்பு கேட்பவர்களுக்கு மட்டும் என்று வைக்காமல் எல்லாப் பள்ளிகளுக்கும் இயல்பாக்கலாம். கட்டணம் கட்ட முடியாத பள்ளி, சாதப் பொட்டலங்களை வண்டியோடு கொண்டுவந்து ஒரு கூடத்தில் பரிமாற அனுமதி கொடுக்கலாம்.

சர்க்கரை நோயாளிகள், வயதானவர்கள், மைதாவும் எண்ணெயும் ஒத்துக்கொள்ளாதவர்கள் பாடும் திண்டாட்டம்தான். இவர்களுக்கு வீட்டுச் சாப்பாடு செலவுக் கணக்கு அல்ல, உடம்புக் கணக்கு. பூங்காவின் உணவுக்கூடத்தில் இவர்களுக்கு ஏற்ற தட்டு எத்தனை இடங்களில் கிடைக்கிறது?

என்ன செய்யலாம்?

முதல் வேலை தண்ணீர். உச்ச நீதிமன்றம் திரையரங்குகளுக்குச் சொன்னதைக் கேளிக்கைப் பூங்காக்களுக்கும் மாநில அரசு உரிம நிபந்தனையாகவே எழுதிவிடலாம். பெயருக்கு ஒரு குழாயைக் கழிவறைப் பக்கம் வைத்துவிட்டுக் கணக்குக் காட்டுவது கூடாது. உணவுக்கூடத்திலும், நீண்ட வரிசை நிற்கும் ஒவ்வொரு ராட்டினத்துக்குப் பக்கத்திலும் குளிர்ந்த குடிநீர் வேண்டும். காலி பாட்டிலோடு உள்ளே வர அனுமதி வேண்டும்.

இரண்டாவது, வீட்டுச் சாப்பாடு. நுழைவாயிலை ஒட்டி, மதிலுக்கு உட்புறமாகவே ஒரு கூரை, சில பெஞ்சுகள், கைகழுவும் இடம், குப்பைத்தொட்டி, சாப்பாட்டுப் பைகளை வைக்க லாக்கர். செலவு ஒரு ராட்டினத்தின் வருடப் பராமரிப்பைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கண்ணாடி கூடாது, மது கூடாது, அந்தக் கூடத்தைத் தாண்டி உணவு போகக் கூடாது என்ற விதிகளைத் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். மீறுபவரிடம் அபராதம் வாங்கட்டும். முதல் சில மாதங்கள் தொல்லையாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

மூன்றாவது, விலையைக் காட்டுவது. டிக்கெட் முன்பதிவு செய்யும் பக்கத்திலேயே, பணம் கட்டும் பொத்தானுக்கு முன், பத்து அடிப்படை உணவுகளின் விலையும் அளவும் இருக்க வேண்டும்: ஒரு லிட்டர் தண்ணீர், டீ, இட்லி, தயிர்சாதம், சப்பாத்தி, சிறுவர் தட்டு என்ற மாதிரி. வெளியுணவு கூடாது என்ற நிபந்தனை இருந்தால், அதையும் பொடி எழுத்தில் ஒளிக்காமல் அங்கேயே சொல்ல வேண்டும். நட்சத்திர உணவகத்துக்குப் போகிறவருக்கு இருக்கும் தெளிவு பூங்காவுக்குப் போகிறவருக்கும் கிடைக்கட்டும். ஆயிரம் ரூபாய் பிரியாணி விற்பவர்கள் விற்கட்டும், ஆனால் டிக்கெட் வாங்கும் முன்பே சொல்லிவிட்டு விற்கட்டும்.

நான்காவது, ஒரு சாதா கவுன்டர். விமான நிலையத்தில் முடிந்தது பூங்காவில் முடியாதா? ஐந்தாறு பதார்த்தங்கள் போதும். மக்கள் கூட்டமாக வரும் இடம் என்பதால் அட்லாண்டாவில் நடந்தது இங்கேயும் நடக்க வாய்ப்பிருக்கிறது. துணிந்து ஒரு கோடை விடுமுறை முழுக்க முயன்று பார்க்க ஒரு நிர்வாகம் முன்வந்தால், மற்றவர்கள் தானாக வருவார்கள்.

அரசின் கட்டுப்பாட்டில் உள்ள இடங்களில் இதற்குக் காத்திருக்கவே தேவையில்லை. படகுத் துறைகள், தீவுத்திடல் பொருட்காட்சி, அரசுப் பேருந்துகள் நிற்கும் நெடுஞ்சாலை உணவகங்கள் எல்லாம் டெண்டரிலும் வாடகையிலும் ஓடுகின்றன. அதிக வாடகை கேட்பவருக்குக் கடையைக் கொடுத்தால், அந்த வாடகை டெல்லி அப்பளத்தின் விலையில் ஏறும். ஊர் விலைக்கு மேல் 10 சதவீதம் என்ற வரம்பை டெண்டர் நிபந்தனையில் எழுதி, அதற்குள் யார் நல்ல உணவும் சுத்தமும் தருகிறார்களோ அவர்களுக்குக் கடையைக் கொடுக்கலாம். வாடகை வருமானம் சற்றுக் குறையும். குறையட்டும்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. உணவகங்கள் கட்டாயமாகச் சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2022 ஜூலையில் அது வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. அதே அதிகாரத்தில், டிக்கெட் வாங்கி நாள் முழுக்க ஒரே வளாகத்துக்குள் இருக்க வேண்டிய இடங்களுக்கென்று ஒரு வழிகாட்டுதலைக் கொண்டுவரலாம். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நுகர்வோருக்குப் பாதகமான நியாயமற்ற ஒப்பந்தங்களை எதிர்த்து மாநில, தேசிய ஆணையங்களில் வழக்குத் தொடர வழிசெய்திருக்கிறது. டிக்கெட்டின் பின்பக்கத்தில் அச்சிட்ட நிபந்தனைகளும் ஒப்பந்தம்தான். நுகர்வோர் அமைப்புகள் ஒரு நல்ல வழக்கை எடுத்து நடத்தினால் போதும்.

அதுவரை வாடிக்கையாளர் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் இருக்கிறது. இலவசக் குடிநீர் எங்கே என்று கவுன்டரில் முதலில் கேளுங்கள். பாட்டிலில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யையும் பில்லையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லில் பொருளின் பெயர், அளவு, விலை மூன்றும் தனித்தனியாக இல்லாவிட்டால் திருத்தித் தரச் சொல்லுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வீட்டுக்கு வந்து ஆறிய பிறகு அல்ல, அங்கே வரிசையில் நிற்கும்போதே அழைக்கலாம்.